நான்கு அங்குலப் பெருமை

அமெரிக்காவில் ஒரு பிக்கப் டிரக்கின் சஸ்பென்ஷனை வடிவமைக்கப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். பனியிலும் பாலையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். சுமை ஏற்றி ஒரு முறை, வெறும் வண்டியாக ஒரு முறை, டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு முறை என்று சோதிக்கிறார்கள். ஸ்பிரிங் எவ்வளவு வளைய வேண்டும், சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், அவசரத்தில் திருப்பினால் வண்டி எப்போது தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அங்குலத்தின் சிறு பின்னங்களில் முடிவு செய்கிறார்கள். இத்தனையையும் ஒரு சனிக்கிழமை மதியத்தில், ஒரு ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் தபாலில் வந்த ஒரு பெட்டியும் கொண்டு திருத்தி எழுதிவிடுகிறார் ஒரு வாகன ஆர்வலர். உலகில் எத்தனையோ வீரங்கள் பாடப்பட்டிருக்கின்றன. இந்த வீரத்துக்கு ஒரு வாழ்த்துரை இன்னும் வரவில்லை. அந்தக் குறை இங்கே தீரட்டும்.

டிரக்கை உயர்த்தும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நற்குணம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் புகழ்கிறேன். இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, மிகையும் இல்லை.

முதல் புகழ் பாடி லிஃப்டுக்கு. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் சேஸிஸ் தனி, அதன் மேல் உட்காரும் உடற்கூடு தனி. இரண்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் தாங்கிகளோடு கெட்டியான உருளைக் கட்டைகளைச் சேர்த்து, நீளமான போல்ட் போட்டு முடுக்கினால் உடற்கூடு ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை எழுந்து நிற்கும். இதன் குணம் வாய்மை. தான் தொடாத எதையும் மாற்றியதாக இது சொல்லிக்கொள்வதில்லை. ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பழையது, அச்சு பழைய உயரத்தில், சேஸிஸும் பழைய உயரத்தில். பாறையில் எந்த இடம் முன்பு இடித்ததோ அதே இடம் அதே பாறையில் இப்போதும் இடிக்கும். உயர்ந்தவை கதவும் பானட்டும் இருக்கையும்தான். பெரிய டயர் நுழைய ஃபெண்டருக்குள் இடம் கிடைப்பது உண்மையான நன்மை. சக்கரத்தின் கோணங்கள் கெடாமல் இருப்பது அதைவிடப் பெரிய நன்மை. பம்பருக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி தெரியும். ஸ்டியரிங் தண்டுக்கு நீட்டிப்புத் துண்டு தேவைப்படலாம். எரிபொருள் ஊற்றும் குழாயும் பிரேக் குழாய்களும் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் விசிறிக்கும் அதன் கூட்டுக்கும் இருந்த ஒழுங்கு குலையும். செய்த வேலையை இப்படி ஊரறியக் காட்டும் முறை வேறில்லை.

அடுத்தது ஸ்பேசர். இதன் குணம் சிக்கனம். முன் சக்கரத்தின் ஸ்டிரட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓர் உலோக வளையம், அவ்வளவுதான். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேற்கை, கீழ்க்கை என்ற இரண்டில் (கண்ட்ரோல் ஆர்ம்) ஸ்டிரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பொருந்தியிருப்பதால் நெம்புகோல் கணக்கு இங்கே வேலை செய்கிறது. மேலே ஓர் அங்குலம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கிடைக்கும். பிக்கப்புகள் பின்னால் சுமை ஏற்றுவதற்காகவே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து வருகின்றன. அந்தத் தாழ்வைச் சமன் செய்ய இதைவிட மலிவான வழி இல்லை. ஸ்பிரிங் மாறாததால் சாதாரணச் சாலையில் பயணமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது மட்டும் கைகள் முன்பைவிடக் கீழே போகும். மேற்கையின் பால் ஜாயின்ட் தன் எல்லையைத் தொடும். சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் சிவி ஜாயின்ட் வகுத்ததைவிடக் கூடுதலாக மடங்கும். அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழிந்து கிரீஸ் வெளியேறும். வாங்கும்போது மிச்சப்பட்ட பணம் இப்படிப் பட்டறைக்காரருக்குப் போய்ச் சேருகிறது. சிக்கனத்தால் பிறரும் வாழ வேண்டும் என்ற நோக்கம் இதற்கு உண்டு.

டார்ஷன் பார் வைத்த ஷெவ்ரலே, ஜிஎம்சி வண்டிகளுக்கு இதைவிட எளிய வழி உண்டு. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் அமைப்பு அது. அதன் முனையில் ஒரு போல்ட். அதை முடுக்கினால் முன்பக்கம் எழும். செலவே இல்லை. தண்டின் விறைப்பு மாறுவதும் இல்லை. ஆனாலும் ஓட்டுபவருக்கு வண்டி கல்லாகிவிட்டதாகத் தோன்றும். காரணம், சக்கரம் கீழே இறங்குவதற்கு வைத்திருந்த இடம் முழுவதும் உயரமாகச் செலவாகிவிட்டது. சிறு பள்ளத்துக்கே கை தன் கீழ்த்தடையில் போய் இடிக்கிறது. ஒரு காசு வாங்காமல் சாலையின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்கு அறிமுகம் செய்து வைக்கும் இந்தத் தாராள மனத்தை எந்த விலையுயர்ந்த கிட்டிலும் காண முடியாது.

பின்பக்கத்துக்கு வருவோம். பெரும்பாலான பிக்கப்புகளின் பின்னச்சு இன்றும் லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது நம் லாரிக்காரர்கள் சொல்லும் கமான் பட்டையில்தான் நிற்கிறது. உயர்த்த மூன்று வழிகள். ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகலாம். நிறைய சுமை ஏற்றுபவருக்கு இது நல்ல துணை. வெறும் வண்டியாக ஓட்டுபவருக்குப் பின்புறம் துள்ளும். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாக்கலாம். இரண்டு அங்குலம் கூட்டினால் ஓர் அங்குலம் உயரும். அச்சு சற்றே சுழன்று, டிஃபரன்ஷியலுக்குள் போகும் தண்டின் கோணம் மாறும். மூன்றாவது, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டை வைத்து நீளமான யூ போல்ட்டால் கட்டுவது. தொழிற்சாலைகளே சில கனரகப் பிக்கப்புகளில் அளவான கட்டை வைத்துத்தான் அனுப்புகின்றன. அளவோடு வைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அளவு தாண்டிய கட்டைக்குத்தான் தனிப் புகழ் உண்டு. அது ஒரு நெம்புகோல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சக்கரம் முன்னோக்கி உருள, அச்சு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கட்டை உயர உயர அந்த முறுக்கலின் பலமும் கூடும். எஃகுப் பட்டை பாம்புபோல் நெளியும். சக்கரம் தரையில் தட்டித் தட்டித் துள்ளும். ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டையை அடுக்குபவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் குடும்பத்தின் உயிரை யூ போல்ட்டின் பிடியில் முழு நம்பிக்கையோடு ஒப்படைத்தவர்கள். நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய சான்று எதைச் சொல்வது? ஸ்டியரிங் திரும்பும் முன்னச்சில் மட்டும் தேர்ந்த மெக்கானிக் எவரும் இந்தக் கட்டையை வைக்க மாட்டார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500 போன்ற கனரக வண்டிகளின் நாற்சக்கர இயக்க வகைகளில் முன்னாலும் ஒரே அச்சு குறுக்கே ஓடுகிறது. அங்கே நீளமான சுருள் ஸ்பிரிங்கைப் போட்டால் உயரம் சுலபமாகக் கிடைக்கும். கரடுமுரடான தடத்தில் அந்த அச்சு வளைந்து கொடுக்கும் அழகும் உண்மையானது. உயரம் கூடும்போது அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார் அதை ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரத்தைத் தானே நேராக்கும் கேஸ்டர் கோணம் குறையும். இவற்றைத் திருத்தும் உறுப்புகளைப் பெட்டியில் சேர்த்து வாங்கினால் வண்டி அமைதியாக ஓடும். வாங்காவிட்டால், தேய்ந்த ஒரு புஷ்ஷும் நெடுஞ்சாலையின் ஒரு மேடும் சேர்ந்து முன்சக்கரங்களை வெறிபிடித்தாற்போல் உதறச் செய்யலாம். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். மனிதனை இவ்வளவு விழிப்போடு வைத்திருக்கும் கருவி அரிது. அந்த வண்டியில் தூங்கி வழிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் படியில் இருப்பது நான்கு முதல் ஆறு அங்குலம் வரை உயர்த்தும் முழு கிட். இதன் குணம் தியாகம். தனித்தனியாக ஆடும் முன்சக்கரங்கள் கொண்ட வண்டியில், தொழிற்சாலை பற்றவைத்த தாங்கிகளை அறுத்தெடுத்துவிட்டு, கீழே இறங்கிய புதிய குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, டிஃபரன்ஷியலையும் கைகளையும் அதே அளவு கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். உயரமான புதிய ஸ்டியரிங் நக்கிள் சேரும். கோணங்கள் பழைய நிலைக்கு அருகிலேயே நிற்பதால் சிவி ஜாயின்டும் பால் ஜாயின்டும் பிழைக்கின்றன. ஆறு அங்குலம் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் பொறியியல் முறைப்படி இதுதான் சரியான வழி. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து, அறுத்ததை மீண்டும் ஒட்ட முடியாத நிலைக்கு வந்து, எழுந்து நின்று குனிந்து பார்த்தால் முன் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதையும் சேர்த்துத்தானே கீழே இறக்கினோம்! பின்னச்சின் உருண்டையும் அப்படியே. இவ்வளவு கொடுத்துவிட்டு, வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஒன்றுமே கேட்காத தியாகம் இது.

அந்த இடத்தை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான். 31 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயர் போட்டால் அச்சு இரண்டு அங்குலம் உயரும். பாறைத் தடத்தில் வேண்டியது இந்த இரண்டு அங்குலம். பெரிய டயர் அடக்கமும் உடையது. சுற்றளவு 13 சதவீதம் கூடியதால், ஸ்பீடாமீட்டரைத் திருத்தாதவரை, வண்டி மணிக்கு 68 மைல் போகும்போது அது 60 என்றுதான் சொல்லும். ஓடிய தூரத்தையும் குறைத்தே காட்டும். வண்டி என்றும் இளமையோடு இருக்கும். பிரேக் மட்டும் பழைய பிரேக். நீளமான நெம்புகோலாகிவிட்ட, எடையும் கூடிய சக்கரத்தை அது பிடித்து நிறுத்த வேண்டும். என்ஜின் திணறாமல் இழுக்க வேண்டுமென்றால் 3.55 ஆக இருந்த அச்சின் கியர் விகிதத்தை 4.10 அளவுக்கு மாற்ற வேண்டும். மாற்றாதவர்களின் எரிபொருள் கணக்கு, பெட்ரோல் நிலையங்களுக்குச் செய்யும் அறம்.

புகழிலேயே தனிச்சிறப்பு, முன்பக்கத்தை மட்டும் வானத்துக்குத் தூக்கிப் பின்பக்கத்தைத் தரைக்கு அழுத்தும் பாணிக்கு உரியது. கலிஃபோர்னியாவின் பாலைவனப் பந்தய வண்டிகளிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கே மணல்மேட்டில் பறந்து இறங்கும்போது பின்சக்கரம் முதலில் தரை தொட வேண்டும் என்ற காரணமாவது இருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் தார்ச்சாலைக்கு வந்தபோது காரணம் உதிர்ந்து தோற்றம் மட்டும் மிஞ்சியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பானட்டும் அதற்குமேல் ஆகாயமும் தெரியும்; முன்னால் நிற்பவர் தெரிய மாட்டார். ஒரு தோற்றத்துக்காகச் சட்டமன்றங்களே கூடி விவாதித்த பெருமை வேறு எந்த அலங்காரத்துக்கு உண்டு? வட கரோலினாவில் முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வர்ஜீனியா 2022-இல் தொடர்ந்தது. தென் கரோலினா 2023-இல்.

இனி, உயர்த்திய வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான கொடைக் குணத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாலைகளை வடிவமைப்பவர்கள் கார் ஓட்டுபவரின் கண், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருப்பதாகக் கணக்கு வைக்கிறார்கள். ஒரு பெரிய பிக்கப்பை ஆறு அங்குலம் உயர்த்தினால் அதன் விளக்கு அந்தக் கண்மட்டத்துக்கு வந்துவிடும். அவ்வளவு கூட வேண்டாம். 145 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட வண்டியின் முன்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் எழுப்பி, விளக்கின் சாய்வைத் திருத்தாமல் விட்டால், நூறடி தொலைவில் ஒளிக்கற்றை ஒன்றரை அடி மேலே போய்விழும். தன் பாதையை விட்டுவிட்டு எதிரே வருபவரின் கண்ணுக்குள் ஒளியூட்டும் கொடை இது. திருத்த ஒரு திருகாணியும் ஒரு சுவரும் போதும். கொடுத்துப் பழகிய கைகளுக்கு அது தோன்றுவதில்லை.

பம்பரின் கதையும் அதுதான். அமெரிக்க விதிப்படி கார்களின் பம்பர்கள் 16 முதல் 20 அங்குல உயர வரம்புக்குள் மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. டிரக்கின் முன்பக்கம் காரின் முன்பக்கத்தோடு உயரத்தில் பொருந்த வேண்டும் என்று வாகன நிறுவனங்கள் 2003-இல் தாமாக ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2009-க்குள் நிறைவேற்றின. மோதும்போது இரும்பும் இரும்பும் சந்தித்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆறாண்டுகள் உழைத்துக் கொண்டுவந்த அந்தப் பொருத்தத்தை ஆறு அங்குலக் கிட் ஒரே நாளில் தாண்டிப் போகிறது. அடியை வாங்க வேண்டிய இரும்பை விட்டுவிட்டு, அடுத்தவர் வண்டியின் கதவுக்கும் கண்ணாடிக்கும் நேரே உயர்கிறது.

உயர்ந்தவர் விழுவதும் பெருமையோடுதான். வண்டி கவிழும் வாய்ப்பை அளக்க அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எளிய வகுத்தலை வைத்திருக்கிறது: இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். கார்களுக்குப் பெரும்பாலும் 1.30 முதல் 1.50, பிக்கப்புகளுக்கு 1.00 முதல் 1.30. அகலம் 68 அங்குலம், எடைமையம் 28 அங்குலம் என்று வைத்தால் 1.21 வரும். எடைமையம் நான்கு அங்குலம் ஏறினால் 1.06. வளைவில் திடீரென்று ஒரு மான் குறுக்கே வரும்போது இந்தப் பின்னத்தின் அருமை தெரியும். 2012 மாடல் முதல் எல்லா இலகுரக வண்டிகளுக்கும் கட்டாயமான எலெக்ட்ரானிக் நிலைக் கட்டுப்பாடு அந்த நொடியில் காக்க முயலும். அது கணக்குப் போடுவது தொழிற்சாலை அனுப்பிய வண்டிக்கு.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒளவையாரை நினைத்துக்கொள்கிறேன். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் மின்னின. அவற்றை அவர் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. புறநானூற்றின் அந்தப் புகழில் பொய் ஒரு சொல்லும் இல்லை. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பேரங்காடிகளின் வாகன நிறுத்தங்களில் மின்னும் உயர்ந்த டிரக்குகளுக்கும் அந்தப் புகழ் அப்படியே பொருந்தும். டயரின் பக்கச்சுவரில் ஒரு கீறல் இல்லை. அடிப்பாகத்தில் ஒரு மண் துளி இல்லை. மொன்டானாவின் மாட்டுப் பண்ணையில் வைக்கோல் கட்டு ஏற்றும் டிரக் தொழிற்சாலை கொடுத்த உயரத்திலேயே, கதவு நசுங்கி, சேற்றோடு நிற்கிறது.

இத்தனை புகழையும் சொன்ன பிறகு, நேராகவே சொல்கிறேன். டிரக்கை உயர்த்துவது குற்றமல்ல. கலிஃபோர்னியாவின் ரூபிகன் தடத்திலும் யூட்டாவின் மோவாப் பாறைகளிலும் ஓட்டுபவருக்கு உயரமும் பெரிய டயரும் உண்மையான தேவை. வேண்டிய திருத்தங்களோடு, அளவறிந்து செய்த வண்டி பொறியியலின் அழகுகளில் ஒன்று. ஃபோர்டு 2010 மாடலாக ராப்டரைக் கொண்டுவந்தபோது உயரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாதாரண எஃப்-150-ஐவிட ஏழு அங்குலம் அகலமாக்கியது. கைகளையும் ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்றியது. உயரத்துக்கு விலை உண்டு என்பதை அறிந்தவர்கள் அந்த விலையை அகலத்திலும் சக்கரத்தின் ஆட்டத்திலும் கொடுத்தார்கள். அறியாதவர்கள் அதைப் பிறர் தலையில் கட்டுகிறார்கள்.

அந்தப் பிறர் யார் என்பதே என் வருத்தம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த முன்பக்கம் கொண்ட வண்டிகள் பாதசாரியை மோதினால் சாவு நேரும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிவான முகம் கொண்ட வண்டிகளைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். பல முழு அளவுப் பிக்கப்புகளின் முன்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த 40 அங்குலத்தைத் தொட்டு நிற்கிறது. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வோர் அங்குலமும் சாலையைக் கடக்கும் குழந்தையை ஓட்டுநரின் பார்வையிலிருந்து மறைக்கிறது. 2022-இல் அந்த நாட்டில் 7,500-க்கும் மேற்பட்ட பாதசாரிகள் வாகனம் மோதி இறந்தார்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்களிடம், அமெரிக்காவில் வாழும் நம்மவர்களையும் சேர்த்தே, ஒரு வேண்டுகோள். முதலில் தேவையைக் கேளுங்கள். கற்பாதையிலும் சேற்றிலும் போவது ஆண்டில் இரண்டு முறை என்றால் நல்ல டயரும் நல்ல ஷாக் அப்சார்பரும் போதும், உயரம் வேண்டாம். முன்பக்கத் தாழ்வு உறுத்தினால் இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோணங்களைத் திருத்தும் முழு கிட்டை வாங்குங்கள். அல்லது வாங்காமலே விடுங்கள். எந்த வழியானாலும் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள், விளக்கை இறக்குங்கள், கேமராவும் ராடாரும் இருந்தால் மறுசீரமையுங்கள், யூ போல்ட்டைச் சில நூறு மைல் ஓடியதும் மீண்டும் முடுக்குங்கள். உயர்த்துவதற்கு முன் ஒரு குழந்தையை வண்டியின் முன் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். தலை தெரியவில்லை என்றால் வண்டி ஏற்கெனவே போதிய உயரம்தான்.